தட்டில் ஆறே சாமான்: ஆட்டிசம் உள்ள பிள்ளையின் சாப்பாட்டை எங்கிருந்து தொடங்குவது

ஒரு கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டை உடைத்துப் பாருங்கள். நேற்று உடைத்தபோது கேட்ட அதே சத்தம். போன வருடம் வாங்கிய டின்னிலும் அதே உப்பு, அதே மொறுமொறுப்பு. இப்போது நம் வீட்டு இட்லியை நினைத்துப் பாருங்கள். மழை நாளில் மாவு பொங்காது, வெயில் நாளில் புளித்துவிடும். ஒரு நாள் உப்பு கூடும். சாம்பாரில் ஒரு வாய் முருங்கைக்காய், அடுத்த வாய் கடுகு, அதற்கடுத்த வாயில் சொல்லாமல் வந்து நிற்கும் ஒரு கறிவேப்பிலை. நமக்கு அதுதான் ருசி. என் மகனுக்கு ஒவ்வொரு வாயும் ஒரு பயம்.

இது எனக்குப் புரிய ஆறு வருடம் ஆனது. அவனுக்கு இப்போது 13 வயது. நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மார்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எங்கிருந்து தொடங்குறது?" அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த வரிசையில் அல்ல, செய்திருக்க வேண்டிய வரிசையில்.

முதலில், இது அடம் இல்லை

1943-இல் லியோ கேன்னர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய பெயர்பெற்ற கட்டுரையில் 11 பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பலருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே சாப்பாட்டில் பெரிய சிக்கல் இருந்ததாக அதில் குறித்திருக்கிறார். அதனால் "நீ சரியா ஊட்டல", "உன் கைப்பக்குவம் சரியில்ல" என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சாப்பாட்டைத் தவிர்ப்பது உடம்பையோ அன்றாட வாழ்க்கையையோ கெடுக்கிற அளவுக்குப் போனால் மருத்துவர்கள் அதற்கு ஆர்ஃபிட் என்று பெயர் சொல்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் 2013-இல் இந்தப் பெயர் ஏறியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியலிலும் இருக்கிறது. அது 2022 முதல் நடைமுறையில் உள்ளது. உடல் இளைக்க வேண்டும், அழகாகத் தெரிய வேண்டும் என்று பட்டினி கிடப்பது வேறு. இதில் அந்த எண்ணமே கிடையாது. விரதமும் வறுமையும் இந்தக் கணக்கில் வராது. ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் ஆர்ஃபிட் இருக்கும் என்றும் இல்லை. பலருக்கு உணவு வகை குறைவு, அவ்வளவுதான். உடம்பு நன்றாகவே இருக்கும்.

காரணங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, புலன். வாசனை, நிறம், சூடு, வாயில் படும் விதம் எல்லாம் நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாகத் தாக்கும். மிளகாய் வற்றல் தாளிக்கும்போது நாம் தும்முவோம். அந்தப் பிள்ளை வீட்டை விட்டே ஓடும். இரண்டு, பசி தெரியாமை. வயிறு காலியாக இருக்கிறது என்ற செய்தி உள்ளிருந்து சரியாக வந்து சேர்வதில்லை. மூன்று, பயம். ஒரு தடவை தொண்டையில் அடைத்தது, ஒரு தடவை வாந்தி வந்தது. அதற்கப்புறம் அந்த உணவும் அதைப் போன்ற எல்லாமும் விலக்கு. சில பிள்ளைகளுக்கு மூன்றும் கலந்திருக்கும். உங்கள் பிள்ளைக்கு எது முன்னால் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

"பசித்தால் தானாகத் தின்பான், விட்டுப் பாருங்கள்" என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். நானும் விட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் மாலை அவன் பள்ளிச் சட்டையோடு தரையில் படுத்திருந்தான். எதையும் கேட்கவில்லை, அழவும் இல்லை. பசி தெரியாத பிள்ளைக்குப் பட்டினி பாடம் சொல்லாது. தயவுசெய்து இதைச் செய்து பார்க்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்

தட்டில் எதையும் மாற்றுவதற்கு முன் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். பிள்ளை பிறந்தபோது கொடுத்த பதிவுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். எடையும் உயரமும் குறிக்கும் கோடு அதில் இருக்கிறது. அந்தக் கோட்டில் பிள்ளை எப்படி ஏறி வந்திருக்கிறது என்பதே மருத்துவருக்கு முதல் சாட்சி.

பல்லில் சொத்தை, தொண்டைச் சதை வீக்கம், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் ஆகிய நான்கும் பார்க்கப்பட்டதா என்று நீங்களே கேளுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, சாப்பாட்டை விலக்கித்தான் அதைச் சொல்லும். மலச்சிக்கலை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நான்கு நாள் வெளியே போகாத வயிற்றில் பசி எப்படி எடுக்கும்?

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் சரியாகத் தெரிந்தாலும் உடம்பில் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம், ஃபெரிட்டின்தான் அதைக் காட்டும். நம் வீடுகளில் இதற்கு இரண்டு காரணங்கள் கூடவே இருக்கின்றன. ஒன்று பால். சோறு தின்னாத பிள்ளைக்குப் பாலையாவது கொடுப்போம் என்று நாள் முழுக்கப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறோம். சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறும் நிறைந்துவிடும், இரும்பும் குறையும். இன்னொன்று தேநீர். இரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் பிஸ்கட் நனைத்துத் தின்ன தே ஓ என்கிற பால் சேர்க்காத தேநீர் கலக்கிக் கொடுக்கும் பழக்கம் தோட்டத்தில் இன்னும் இருக்கிறது. சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளத் தேயிலை விடாது. நிறுத்த முடியாவிட்டால், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். தண்ணீரும் குடிக்க மறுப்பது, அரை நாளாகச் சிறுநீர் போகாதது, மயக்கம், எடை சட்டென்று இறங்குவது, சாப்பிடும்போதெல்லாம் இருமல் வந்து புரையேறுவது. ஈறில் இரத்தம் கசிந்து, கால் வலிக்கிறது என்று பிள்ளை நடக்கவே மறுத்தால் அது சி சத்து அடியோடு வற்றியதாக இருக்கலாம். ஸ்கர்வி என்ற இந்த நோயைப் பழைய காலத்துக் கப்பல்காரர்களின் நோய் என்று நினைக்கிறோம். பழமும் காயும் தொடவே தொடாத ஆட்டிசப் பிள்ளைகளிடம் இன்றும் அதைக் கண்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எலும்பில் கோளாறு என்று அலைந்த பிறகுதான் சில பிள்ளைகளுக்கு அது பிடிபட்டது. பொழுது சாய்ந்ததும் தடுமாறினால் அது மாலைக்கண், ஏ சத்துக் குறைவாக இருக்கலாம். நம் வீட்டைச் சுற்றி நிற்கும் செம்பனையிலிருந்து பிழிந்த எண்ணெய் செக்கச்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பில் இருக்கும் கரோட்டினைத்தான் உடம்பு ஏ சத்தாக மாற்றிக்கொள்கிறது. சுத்திகரித்துக் கடைக்கு வரும்போது அந்த நிறமே போய்விடுகிறது. அதனால் எண்ணெயில் பொரித்ததை மட்டும் தின்னும் பிள்ளைக்கு அது கிடைக்கிறது என்று எண்ண வேண்டாம்.

கிளினிக்கில் உங்கள் வாயால் கேட்க வேண்டியவர்கள் மூன்று பேர்: உணவு ஆலோசனைக்குப் பெகாவாய் டயட்டெட்டிக், கை வாய் புலன் பயிற்சிக்கு ஜுருபுலே சாரகெர்ஜா, மெல்லுவதும் விழுங்குவதும் சிக்கலாக இருந்தால் பேச்சுப் பயிற்சியாளர். மலாயில் பெயர் சொல்லிக் கேட்டால் பரிந்துரைக் கடிதம் சீக்கிரம் கிடைக்கும். எங்களை இங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காத்திருப்பு நீளம்தான். அதற்குள் வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது.

இரண்டு வாரம் எழுதுங்கள், வேறொன்றும் செய்யாதீர்கள்

ஒரு பள்ளி நோட்டு போதும். என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து, என்ன பிராண்டு, சூடா ஆறியதா, பக்கத்தில் யார், டிவி ஓடியதா, அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது. விலக்கியதையும் எழுதுங்கள். பார்த்ததும் விலக்கினானா, மோந்த பிறகா, வாயில் போட்ட பிறகா என்பதுதான் அதில் முக்கியம்.

என் நோட்டில் ஆறு சாமான்கள் இருந்தன: கிரீம் கிரேக்கர், ஓரம் முறுகிய வெறும் தோசை, குழையாத வெள்ளைச் சோறு, அப்பளம், மைலோ, ஒரே பாக்கெட்டில் வரும் கோழி நக்கெட். பத்தாம் நாள் ராத்திரி அந்தப் பக்கங்களைத் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது. மைலோவைத் தவிர எல்லாம் வெளிறிய நிறம், எல்லாம் காய்ந்தது, பெரும்பாலும் கடித்தால் சத்தம் போடுவது. "எதுவும் தின்ன மாட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒரு தெளிவான ருசி இருந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை.

இருக்கிற உணவைக் காப்பாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் இதை வையுங்கள். பிள்ளை நம்பிச் சாப்பிடும் அந்த ஐந்தாறு உணவுதான் அவன் நிற்கும் தரை. அதில் கை வைக்காதீர்கள். "இதை மட்டும் தின்னா எப்படி, இன்னைக்குப் பிஸ்கட் கிடையாது" என்று மறைத்து வைப்பதும், அதற்குள் வேறொன்றை ஒளித்து வைப்பதும் தரையை வெட்டுகிற காரியம்.

நான் வெட்டினேன். அவனுக்கு ஏழு வயதில் இரும்பு மாத்திரையைப் பொடித்துத் தோசை மாவில் கலந்தேன். பாதித் தோசை போனது. அப்புறம் நிறுத்தினான். மிச்சத்தை மூக்கருகில் கொண்டு போனான், என்னைப் பார்த்தான், தட்டில் மெதுவாக வைத்தான். கோபமே இல்லை அந்த முகத்தில். அதற்கப்புறம் 14 மாதம் எங்கள் வீட்டில் அவனுக்குத் தோசை இல்லை. ஆறு ஐந்தானது. காய்கறியை அரைத்து ஒளிப்பது சாதாரணமாக அடம்பிடிக்கும் பிள்ளையிடம் பலிக்கலாம். இவர்களிடம் நம்பிக்கைதான் முதல் சத்து. மருந்து கொடுக்க வேண்டுமானால் மருந்து என்று சொல்லி, வேறு கிண்ணத்தில், வேறு நேரத்தில் கொடுங்கள். நம்பிக்கையான உணவில் மட்டும் கலக்க வேண்டாம்.

பாக்கெட் அட்டை மாறினால் சில பிள்ளைகள் உள்ளே இருப்பதையும் தொட மாட்டார்கள். அதனால் காலியான பாக்கெட் ஒன்றைக் கழுவி எடுத்து வையுங்கள். கையில் எப்போதும் ஒரு வாரத்துக்கு உபரி வாங்கி வையுங்கள். தீபாவளிக்கு முன்னும் பின்னும் கடைகள் அடைத்துக் கிடக்கும்போது இதன் அருமை தெரியும். ஒரே உணவை நாள் தவறாமல் கொடுத்தால் திடீரென்று சலித்து அடியோடு விட்டுவிடுவதும் உண்டு. இரண்டு மூன்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சண்டையை நிறுத்துங்கள்

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவு ஆலோசகர் ஒரு பங்கீடு சொல்வார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் கைக்கு இது மிகவும் கஷ்டம். ஊட்டி விட்டே வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஒரே கிண்ணத்தில் பிசைந்து வரிசையாக வாயில் வைத்த ஆயாவை இன்றும் அன்போடுதான் நினைக்கிறோம். ஆனால் புலன் கூர்மையான பிள்ளையின் வாய்க்குள் அனுமதி இல்லாமல் போகும் விரல், அன்பாக அங்கே போய்ச் சேர்வதில்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு வேளைச் சிற்றுண்டியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இருக்கட்டும்; பசி தெரியாத பிள்ளைக்குக் கடிகாரம்தான் பசி. நடுவில் மைலோ, பால் கிடையாது, தண்ணீர் மட்டும். ஒவ்வொரு வேளையிலும் நம்பிக்கையான உணவு ஒன்றாவது தட்டில் இருக்கட்டும். பள்ளம் பள்ளமாகப் பிரித்த தட்டு வாங்குங்கள், ஒன்றின் சாறு இன்னொன்றில் ஓடாது. இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கால் தொங்காமல் ஒரு முக்காலி போடுங்கள். கால் ஊன்றி உட்கார்ந்த பிள்ளைக்கு உடம்பு நிலையாக இருக்கும், வாயில் கவனம் வரும். தாளிப்பு முடிந்து வாசனை அடங்கிய பிறகு கூப்பிடுங்கள், இல்லையென்றால் பின்வாசலில் உட்காரட்டும். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் அவன் பின்வாசல் படியில்தான் சாப்பிட்டான்.

அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டாதீர்கள், புகழவும் வேண்டாம். "அட, என் ராஜா தின்னுட்டான்!" என்று கைதட்டினால் அதுவும் சிலருக்கு ஒரு பாரம்.

வீட்டுப் பெரியவர்களிடம் என்ன சொல்வது? வாதம் செய்து ஜெயிக்க முடியாது. என் மாமியாரிடம் நான் கேட்டுக்கொண்டது இதுதான்: "அத்தை, ஒரு மாசம் மட்டும் யாரும் அவனைச் சாப்பிடச் சொல்ல வேணாம். எடை இறங்கினா நீங்க சொல்றபடி செய்றேன்." மாதக் கடைசியில் கிளினிக் தராசில் அரைக் கிலோ கூடியிருந்தான். அதற்கப்புறம் அவரே என் பக்கம் வந்துவிட்டார்.

அடுத்த உணவுக்குப் போகும் வழி

இங்கேதான் பொறுமை வேண்டும். புதிய உணவை எங்கிருந்தோ கொண்டு வராதீர்கள். ஏற்கெனவே பிடித்ததன் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். நிறம், வடிவம், சத்தம், சுவை என்று பல இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எங்கள் சங்கிலி இப்படிப் போனது. அவனுக்கு அப்பளம் பிடிக்கும். வட்ட அப்பளத்தை உடைத்துத் துண்டாகக் கொடுத்தோம். அப்புறம் சின்ன அப்பளம். அதிலிருந்து மீன் கெரோப்போக், அதாவது மீன் சேர்த்த அப்பளம். அதே சத்தம், கொஞ்சம் மீன் வாசம். கெரோப்போக் பழகி ஐந்து மாதம் கழித்து, அதன் பக்கத்தில் தலை கிள்ளி மொறுமொறுவென்று பொரித்த நெத்திலி இரண்டு. தொடவில்லை. மறுநாளும் இரண்டு. மூன்றாவது வாரம் ஒன்றை உடைத்துச் சத்தம் கேட்டான். இப்போது ஒரு கைப்பிடி தின்கிறான். முள்ளோடு தின்னும் மீன் அது. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் ஒன்றாகவே வந்துவிட்டன. அதை எந்த மாவுக்குள்ளும் நான் ஒளிக்கவில்லை.

சி சத்துக்காகப் பப்பாளியும் ஆரஞ்சும் வைத்துத் தோற்றேன். கொழகொழப்பும் சாறும் அவனுக்கு ஆகாது. நோட்டைத் திரும்பப் பார்த்தபோது கொய்யா நினைவுக்கு வந்தது. பீடோர் பக்கம் சாலையோரம் விற்கிறார்களே, விதையில்லாத வெள்ளைக் கொய்யா. வெளிறிய நிறம், கடித்தால் நறுக் என்று சத்தம். சி சத்தும் அதில் ஏராளம்.

முதலில் கொய்யா கூடத்து மேசையில் கிடந்தது, அவ்வளவுதான். அப்புறம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. நான் வெட்டும்போது பக்கத்தில் நின்றான். ஒரு நாள் நகத்தால் தோலைக் கீறி, நகத்தை மோந்து பார்த்தான். எத்தனையோ நாள் அந்த நகத்தோடு நின்றது. பிறகு உதட்டில் ஒற்றினான். பிறகு நக்கினான். துப்புவதற்கு ஒரு கிண்ணம் பக்கத்திலேயே வைத்திருந்தேன். துப்பலாம் என்ற அனுமதி இருந்தால்தான் வாயில் வைக்கத் துணிவு வரும். கடித்துத் துப்பினான், ஏழெட்டு தடவை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிண்ணம் காலியாக இருந்தது. தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

சாதாரணப் பிள்ளைகளுக்கே ஒரு புதிய உணவு பழக 10, 15 தடவை பார்க்க வேண்டியிருக்கும். இவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். அதனால் கடுகளவு வையுங்கள். வீணானாலும் மனம் நோகாத அளவு. ஒரு நேரத்தில் ஒரு சங்கிலி போதும். காய்ச்சல், பள்ளித் தொடக்கம், வீடு மாற்றம் போன்ற நாட்களில் எதையும் தொடங்க வேண்டாம். அப்போது பழைய உணவுக்குத் திரும்பினால் அது தோல்வி இல்லை.

பயம் காரணமாக இருக்கும் பிள்ளைக்கு வழி வேறு. தொண்டையில் அடைத்த அனுபவம் இருந்தால் மென்மையானதில் தொடங்கி மெதுவாகக் கெட்டியாக்க வேண்டும். அதைப் பயிற்சியாளர் துணையோடு செய்யுங்கள். வீட்டில் தனியாக இறங்க வேண்டாம்.

பள்ளி, பந்தி, புரட்டாசி

பள்ளி ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள்: எதைச் சாப்பிடுவான், எதை வற்புறுத்தக் கூடாது, எங்கே உட்கார வேண்டும். ஆரம்பப் பள்ளியில் ஆர்எம்டி உணவுத் திட்டம் சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கும் உண்டு. நாசி லெமாக்கோ மீகூனோ வரும்போது நம் பிள்ளை தொடாமல் இருக்கலாம். "தட்டைக் காலி பண்ணு" என்று நிற்க வைக்காமல், கொண்டு வந்த டப்பாவைத் திறக்க அனுமதித்தால் போதும் என்று கேளுங்கள். கேன்டீன் சத்தம்தான் உண்மையான தடை என்றால் ஐந்து நிமிடம் முன்னதாக அனுப்பச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கும் அன்னதானத்துக்கும் வீட்டிலேயே சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், பையில் டப்பா இருக்கட்டும். இலையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னும் பிள்ளையைப் பார்த்து யாராவது கேட்பார்கள். "அவனுக்கு டாக்டர் சொன்ன சாப்பாடு, பெரியம்மா" என்ற ஒரு வரியில் முடித்துவிடுங்கள். பந்தியில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நீங்களும் சாப்பிட முடியாது.

புரட்டாசியும் தைப்பூச விரதமும் வரும்போது வீடே சைவம். பிள்ளையின் நம்பிக்கையான உணவோ கோழி நக்கெட். எங்கள் வீட்டில் பெரிய மனத்தாங்கல் ஆனது இதில்தான். கடைசியில் அவனுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, வெளி அடுப்பு என்று முடிவு செய்தோம். சைவ நக்கெட்டுக்குப் பழக்க நினைத்தால் சித்திரையிலேயே சங்கிலியைத் தொடங்குங்கள். புரட்டாசி முதல் தேதி காலையில் மாற்றினால் அந்த மாதம் முழுக்கப் பட்டினிதான்.

அண்ணன் தங்கை இருந்தால் "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கும் வாரம் ஒரு நாள் பிடித்ததைக் கேட்டுச் சமைத்துக் கொடுங்கள்.

பணத்தை இங்கே கொட்ட வேண்டாம்

கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்று சொல்வார்கள். அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆறு உணவில் வாழும் பிள்ளையிடம் பிஸ்கட்டையும் மைலோவையும் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? பாலோ கோதுமையோ உண்மையில் ஒவ்வாத பிள்ளைக்கு மட்டும், மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு நிறுத்தலாம். சத்து மாவும் வைட்டமினும் அப்படித்தான்: இரத்தத்தில் எது குறைகிறது என்று தெரிந்து வாங்குங்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று வாயிலும் தொண்டையிலும் கை வைக்க யாரையும் விடாதீர்கள். சாமி கும்பிடுங்கள், திருநீறு பூசுங்கள், கண்ணேறு கழியுங்கள், அதிலெல்லாம் தவறில்லை. வாய் மட்டும் பிள்ளையுடையது.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை இன்னும் எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும். பாரத்தில் மருத்துவர் கையெழுத்து வாங்கிச் சமூக நலத் துறையில் பதிய வேண்டும். எங்களுக்குக் கோலாகங்சார் அலுவலகம். அட்டைக்குக் கட்டணம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. பயிற்சிக்காக மாதாமாதம் ஈப்போவுக்கு பஸ் ஏறும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பெரியவர்களுக்கும் இது உண்டு

பிள்ளை வளர்ந்த பிறகும் இது அப்படியே மறைந்துவிடாது. ஆட்டிசம் உள்ள பெரியவர் இதைப் படித்தால் உங்களுக்கும் சில சொல்ல வேண்டும். ஜோகூரிலோ சிங்கப்பூரிலோ விடுதியில் தங்கி வேலை செய்கிறீர்கள், பசி தெரிவதில்லை என்றால், கைப்பேசியில் மூன்று வேளைக்கும் மணி வையுங்கள். சமையல் வாசனை தாங்க முடியாத நாளில் ஆறிய உணவு எடுங்கள். ஆறியதற்கு வாசனை குறைவு. தினமும் ஒரே உணவு சாப்பிடுவது குற்றமில்லை, வருடத்துக்கு ஒரு தடவை இரத்தத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். கல்யாணப் பேச்சு நடக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத் தட்டைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது இரு வீட்டுக்கும் சங்கடம்.

உங்கள் குடும்பத்தில் இன்னும் யாருக்கு இப்படி இருந்தது என்றும் விசாரியுங்கள். டாக்டர் அதைக் கேட்பார். என் நோட்டை ஒரு நாள் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். வெளிறியது, காய்ந்தது, சத்தம் போடுவது என்று சொல்லி வந்தபோது அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். மாமனார் 40 வருடம் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அந்த 40 வருடமும் காலையில் வரக்கோப்பியும் பிஸ்கட்டும், இரண்டு வேளை வெறும் சோறும் சுட்ட கருவாடும். குழம்பு ஊற்றினால் தட்டைத் தள்ளிவிடுவாராம். தோட்டத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே தின்ற காலம் அது, யார் கண்ணிலும் படவில்லை. "அவருக்கு நான் எப்பவும் சோறு ஒரு தட்டு, கருவாடு ஒரு தட்டுன்னு ரெண்டாத்தான் வைப்பேன்" என்றார். "ஏன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல."